ஊசி வீட்டு மெஷின்

சாப்பாட்டுத் தட்டின் முன்னால் பெரியவன் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு அவன் தட்டைக் காலி செய்யவில்லை. அதற்கப்புறமும் அவனுக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

விஷயம் இதுதான். கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்து பிழைக்கிற அண்ணன் தம்பி பட்டறைக்கு, சின்னவன் அலையோ அலையென்று அலைந்து ஒரு பால் பண்ணை வேலையைப் பிடித்துக்கொண்டு வந்தான். எவர்சில்வர் குழாய்களும் ஒரு பெரிய தொட்டியும். பால் ஓடுகிற இடம் என்பதால் ஒட்டின இடம் உள்பக்கம் வழவழவென்று இருக்க வேண்டும். கொஞ்சம் மேடு பள்ளம் இருந்தாலும் பால் அங்கே தங்கிக் கெட்டுப்போகும். பெரியவனின் சாதாரண ஆர்க் வெல்டிங் அதற்கு ஒத்துவராது. கேஸ் மூடலில் வழவழவென்று ஒட்டுகிற டிக் மெஷின் வேண்டும்.

புதிது வாங்க வழியில்லை. பழைய மெஷின் ஒன்று விலைக்கு வருகிறது என்று சொல்லி, சின்னவன் அது இருக்கிற இடத்தையும் சொன்னான். பரிமாறிக்கொண்டிருந்த பெரியவனின் மனைவி கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "அது ஊசியோட மெஷின். நான் அதுலதான் வேலை பார்த்தேன்."

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஏதோ தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தாள் என்பது பெரியவனுக்குத் தெரியும். துடைக்கிற வேலை, அடுக்குகிற வேலை என்று அவனாகவே முடிவுகட்டியிருந்தான். கேட்டதில்லை. கல்யாணமான புதிதில், இனிமேல் நீ வேலைக்குப் போக வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னான். அவளும் சரி என்றாள். பேச்சு அதோடு முடிந்தது.

இப்போது பார்த்தால், தன் வீட்டுக்குள்ளேயே ஒரு வெல்டர் இத்தனை வருஷமாகச் சமைத்துக்கொண்டிருக்கிறாள்.

அதைக்கூட அவன் மென்று விழுங்கிவிட்டிருப்பான். விழுங்க முடியாமல் தொண்டையில் நின்றது அந்த 'ஊசி'தான். கட்டின புருஷனுக்கு 'ஏங்க'. எவனோ ஒருத்தனுக்கு மட்டும் ஒரு பேர். அதையும் அவள் எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள்.

மெஷினைப் பார்க்கப் போகிற நாளும் வந்தது.

காலையில் அவள் கண்ணாடி முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றதாக அவனுக்குப் பட்டது. வாசலில் வண்டியைத் துடைக்கிற சாக்கில் உள்ளே எட்டி எட்டிப் பார்த்தான். முடியை இறுக்கிப் பின்னி, ஒரு பிசிறு வெளியே வராமல் கொண்டையாகச் சுருட்டிக் குத்திக்கொண்டிருந்தாள். வளையல்களைக் கழற்றி வைத்தாள். பருத்திப் புடவைக்கு மேல் அவனுடைய பழைய முழுக்கைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

அலங்காரம் இல்லை என்று தெரிந்ததும் அவனுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போதுகூட அவள் இவ்வளவு கவனமாகத் தயாராகி அவன் பார்த்ததில்லை.

சின்னவன் தன் வண்டியில் முன்னால் போனான். இவர்கள் பின்னால். வழி நெடுக அவன் மனசுக்குள் அந்த ஊசிக்கு ஓர் உருவம் கொடுத்துக்கொண்டே ஓட்டினான். நல்ல உயரம், முறுக்கின மீசை, பெண்களைச் சிரிக்கவைக்கிற வாய்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகை. வாசலில் வந்து நின்றவர் ஒல்லியாக, தடித்த கண்ணாடியோடு, வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடி இருந்தார். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. பையிலிருந்து கையை எடுக்காமல் வரவேற்கிறானே, என்ன திமிர் என்று பெரியவன் நினைத்தான்.

"வா செதில்," என்றார் ஊசி.

"எப்படி இருக்கீங்க ஊசி?" என்றாள் அவள்.

சின்னவனுக்கு ஒரே குஷி. அண்ணிக்கு இப்படி ஒரு பேரா என்று துருவித் துருவிக் கேட்டான். ஊசி சொன்னார். அவள் ஒட்டின இடத்தைப் பார்த்தால் மீன் செதில் அடுக்கி வைத்த மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக, ஒரே அளவில் இருக்குமாம். தொழிற்சாலையில் அவளுடைய சொந்தப் பேர் பாதிப் பேருக்குத் தெரியாதாம். கஷ்டமான குழாய் வந்தால் மேலாளரே 'செதிலைக் கூப்பிடு' என்பாராம். டார்ச் முனையில் வைக்கிற டங்ஸ்டன் கம்பியைக் கூராகச் சீவித் தருவது இவர் வேலை என்பதால் இவருக்கு ஊசி என்று பேர் வந்ததாம். தொழிற்சாலையை மூடியபோது இந்த மெஷினை இவர் வாங்கிக்கொண்டாராம்.

அவள் தலையைக் குனிந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பெரியவன் இதற்கு முன் பார்த்ததில்லை. அவனுக்கு வயிறு பற்றி எரிந்தது.

ஊசியின் மனைவி டீ கொண்டுவந்து கொடுத்தாள். ஊசி தன் டம்ளரை வாங்கக் கையை வெளியே எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. விரல்கள் உதறின. டீ தளும்பிக் கீழே சிந்தியது. அவர் மனைவி பேச்சை நிறுத்தாமலே டம்ளரைத் தன் கையால் தாங்கிக்கொண்டாள். இது அந்த வீட்டில் தினமும் நடக்கிறது என்பது பார்த்தாலே புரிந்தது.

"இதனாலதான் மெஷினை விக்கிறேன்," என்றார் ஊசி. "ஆர்க் வேலைன்னா கூட எப்படியாவது சமாளிச்சிடலாம். இதுக்கு நடுங்காத கை வேணும்."

பெரியவன் காலையிலிருந்து மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஆள் இவர்தான். இவர் மேல் பொறாமைப்பட ஒன்றுமே இல்லை. அத்தோடு அவன் அடங்கியிருக்கலாம். ஆனால் பற்றின நெருப்பு, ஆள் இல்லை என்பதற்காக அணைந்துவிடவில்லை. வேறு இடம் தேடியது.

அவன் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தான். இடுப்புயர இரும்புப் பெட்டி. பெயின்ட் உரிந்து கிடந்தது. குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றே பார்த்தான். கேபிளில் வெடிப்பு இருக்கிறது என்றான். ஆமாம், மாற்ற வேண்டும் என்றார் ஊசி. கால் பெடல் இறுகியிருக்கிறது என்றான். அது எப்போதும் அப்படித்தான், பழகினால் சரியாகும் என்றார். இவன் பார்க்காமல் விட்ட குறைகளையும் அவராகவே எடுத்துச் சொன்னார். குறை சொல்லி மட்டம் தட்டலாம் என்று போனவனுக்கு அங்கே வேலையே இல்லாமல் போனது.

ஓட்டிப் பார்க்கலாமா என்று சின்னவன் கேட்டான். நானே பார்க்கிறேன் என்று பெரியவன் முந்திக்கொண்டான்.

வெல்டிங் அவனுக்குப் புதிதா என்ன? ஆனால் இது வேறு. ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் உருக்கிச் சேர்க்கிற கம்பி, காலால் கரண்டைக் கூட்டிக் குறைக்க வேண்டும். டார்ச்சின் முனை உலோகத்தைத் தொடவே கூடாது. அவன் பழக்கதோஷத்தில் அழுத்தினான். முனை உருகின இடத்தில் முங்கி ஒட்டிக்கொண்டது. மறுபடி வைத்தான், மறுபடி ஒட்டியது. குழாயில் கொப்புளம் கொப்புளமாக ஏதோ வந்ததே தவிர, ஒட்டு வரவில்லை.

முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான் என்று ஊசி பரிவாகச் சொன்னார். அந்தப் பரிவுதான் அவனுக்கு ரொம்பச் சுட்டது.

அவன் மூலையில் போய் உட்கார்ந்தான். வியர்த்துக் கொட்டியது. எழுந்து, மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த மின்விசிறியைப் போட்டு, அதன் தலையைத் தன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். அவள் அவன் கெடுத்து வைத்த டங்ஸ்டன் முனையை எடுத்துக் கிரைண்டரில் சீவிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் சமையல் கேஸ் வண்டி ஹாரன் அடித்தது. சிலிண்டர் மாற்ற ஊசி போனார். தூக்க ஆள் வேண்டும் என்று சின்னவனும் கூடவே போனான். கொட்டகையில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும்.

அவள் முகமூடியை மாட்டிக்கொண்டு மேஜை முன் உட்கார்ந்தாள். முழங்கையை ஊன்றினாள். தோள் இறங்கியது, முதுகு நிமிர்ந்தது. வீட்டில் அவன் பார்க்கிற பெண் அங்கே இல்லை. டார்ச் பற்றிக்கொண்டது. சின்னதாக, சத்தமில்லாத ஒரு வெளிச்சம். இரண்டு கையும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு நகர்கிற மாதிரி நகர்ந்தன.

முடித்து முகமூடியைத் தூக்கினாள். ஒட்டு கறுத்துப்போய், ஊசியால் குத்தின மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது.

பெரியவனுக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. டார்ச்சிலிருந்து வருகிற கேஸ்தான் உருகின உலோகத்தை மூடிக் காப்பாற்ற வேண்டும். அதைக் காற்று அடித்துக்கொண்டு போனால் இப்படித்தான் ஆகும். ஒரு கட்டட வேலையில், டிக் அடிப்பவர்கள் காற்றுக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டியதை அவன் பார்த்திருக்கிறான். அவன் பக்கம் திருப்பி வைத்த விசிறியின் காற்று, அவள் மேஜையைத் தாண்டித்தான் அவனிடம் வந்துகொண்டிருந்தது.

விசிறியின் பொத்தான் சுவரில், அவன் கை எட்டுகிற தூரத்தில் இருந்தது.

அவன் கையை நீட்டவில்லை.

அவள் இன்னொரு தடவை பற்றவைத்தாள். இன்னும் மெதுவாக, இன்னும் குனிந்து. அதே கறுப்பு. அதே ஓட்டை. அவள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக அவன் கூரையைப் பார்த்தான். உள்ளுக்குள் ஏதோ குளிர்ந்தது. அதை அவன் பிற்பாடு நினைத்து நினைத்துக் கூசினான்.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. அவன் சட்டென்று விசிறியை நிறுத்தினான்.

ஊசி உள்ளே வந்து குழாயைக் கையில் எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். கேஸ் அளவைப் பார்த்தார். சோப்புத் தண்ணீர் தடவி ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று தேடினார். ஒன்றும் பிடிபடவில்லை. உள்ளே வால்வு போயிருக்குமோ என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார்.

"மெஷின் இல்ல ஊசி," என்றாள் அவள். "எனக்குத்தான் கை போயிடுச்சு."

"உனக்காவது, கை போறதாவது." அவர் நம்பவில்லை. பெரியவன் பக்கம் திரும்பினார். "சாயங்காலம் பழைய இரும்பு எடுக்கிறவர் வர்றாரு. நல்ல கைக்குப் போகட்டும்னுதான் உங்களுக்குச் சொல்லி அனுப்பினேன். கேஸ் ஒழுங்கா வராத மெஷினை உங்க தலையில கட்ட எனக்கு மனசு இல்ல."

சின்னவன் முகம் தொங்கிப்போனது. திரும்பி வரும்போது பால் பண்ணைக்கு என்ன பதில் சொல்வது என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தான். சாயங்காலத்துக்குள் சொல்லிவிட வேண்டுமாம்.

பெரியவன் நேராகப் பட்டறைக்குப் போனான். பாதியில் நின்ற கேட் ஒன்று கிடந்தது. ராடை எடுத்துப் பற்றவைத்தான். அவனுக்கு நன்றாகத் தெரிந்த வேலை, கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அன்றைக்கு ஒவ்வொரு ஜாயின்ட்டும் கோணிக்கொண்டு போனது. கம்பியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான்.

சமையலறையில் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பைப் பார்த்தபடி நின்றிருந்தாள். கொதி வருவதற்காகக் காத்திருக்கிறாள் என்று நினைத்தான். பக்கத்தில் வந்ததும்தான் அவள் இடது கையைக் கவனித்தான். துடைப்பத்திலிருந்து உருவின ஒரு குச்சி. அதைப் பார்க்காமலே, கட்டைவிரலால் கொஞ்சம் தள்ளி, மற்ற விரல்களால் வாங்கி, மறுபடி கொஞ்சம் தள்ளி, வாங்கி. குச்சி ஒரே வேகத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்தது. நின்று தயங்கி அல்ல, தண்ணீர் ஓடுகிற மாதிரி; காலையில் டார்ச்சுக்குக் கம்பி ஊட்டின அதே அசைவு.

கை எங்கேயும் போகவில்லை. அது அவளுக்கும் தெரிந்திருந்தது.

"ஃபேன் ஓடிட்டிருந்துச்சு," என்றான் பெரியவன்.

அவள் திரும்பவில்லை.

"நான்தான் என் பக்கம் திருப்பி வெச்சேன். வேணும்னு வெக்கல. ஆனா நீ முதல்ல அடிச்சப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல."

"தெரியும்," என்றாள் அவள். "ரெண்டாவது தடவை கழுத்துல காத்து பட்டுச்சு."

"அப்புறம் ஏன் எழுந்து நிறுத்தல?"

"நீங்க நிறுத்துறீங்களான்னு பார்த்தேன்."

அடுப்பில் கொதி வந்தது. அவள் தீயைக் குறைத்தாள்.

"அந்த ஆள்கிட்ட கை போயிடுச்சுன்னு ஏன் சொன்னே?"

"பின்ன என்ன சொல்லச் சொல்றீங்க? அவர் முன்னாடி உங்களை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரல."

திட்டியிருந்தால் பெரியவன் தாங்கியிருப்பான். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பான். அவள் இரண்டும் செய்யவில்லை.

ஊசி மேல் சந்தேகமா என்று அவள் கேட்டாள். போகும்போது இருந்தது, அவரைப் பார்த்ததும் போய்விட்டது என்று உள்ளதைச் சொன்னான்.

"அப்புறம்?"

"அப்புறம் உன் மேலதான் பொறாமை," என்றான். "நான் அத்தனை பேர் முன்னாடி கொப்புளம் கொப்புளமா வெச்சிட்டு உக்காந்திருக்கேன். நீ வந்து செதில் செதிலா அடுக்கினா நான் எங்க மூஞ்சிய வெச்சுக்குவேன்னு இருந்துச்சு."

அவள் இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். இரும்பு எடுக்கிறவர் வந்துவிடப் போகிறார் என்று மட்டும் சொன்னாள்.

அவன் வண்டியை எடுத்த வேகத்தில் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டவில்லை.

கொட்டகைக்குள் நுழைந்தபோது மெஷின் திறந்து கிடந்தது. பக்கத் தகடுகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். ஊசி தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, இல்லாத குறையைத் தேடிக்கொண்டிருந்தார். உதறுகிற கையால் ஒரு திருகைப் பிடிக்கப் பார்த்தார். அது நழுவி உருண்டு ஓடியது. சுற்றிலும் இப்படி உருண்ட திருகுகள் கிடந்தன. அவர் மனைவி குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

பெரியவன் நின்றவாக்கிலேயே எல்லாவற்றையும் சொன்னான். விசிறியைத் திருப்பியது, தெரிந்தும் பேசாமல் இருந்தது, செருப்புச் சத்தம் கேட்டு நிறுத்தியது. சமாதானம் எதுவும் சேர்க்கவில்லை. ஊசியின் மனைவி பொறுக்குவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள். அந்தப் பார்வை அவனுக்கு ரொம்ப நாள் மறக்காது.

ஊசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதைச் செதில்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"அப்ப உக்காருங்க. இதை மூடணும். எனக்குத் திருகு நிக்காது."

பெரியவன் தரையில் உட்கார்ந்தான். அவர் சொல்லச் சொல்ல இவன் முடுக்கினான். எந்த வால்வு எங்கே, எந்தக் குழாய் எதற்கு, எது சத்தம் போட்டால் பயப்படக் கூடாது, எது சத்தம் போட்டால் உடனே நிறுத்த வேண்டும் என்று ஊசி சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் இரும்பு எடுக்கிறவர் வந்து எட்டிப் பார்த்தார். வித்தாயிற்று என்று பெரியவனே சொல்லி அனுப்பினான். விலை பேசும்போது அவன் வாயே திறக்கவில்லை. ஊசி சொன்னதற்குத் தலையாட்டினான்.

பொழுது சாய்வதற்குள் ஒரு சின்ன வேனில் மெஷின் பட்டறைக்கு வந்து இறங்கியது. சின்னவனுக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் வேண்டாம் என்றது எப்படி வேண்டும் என்றானது என்று கேட்டான். விசிறிக் காத்துதான் குறை, மெஷினில் ஒன்றுமில்லை என்று அவள் சுருக்கமாக முடித்துவிட்டாள். யார் திருப்பியது, எப்படி என்றெல்லாம் விவரிக்கவில்லை. பெரியவன் அதைக் கேட்டுக்கொண்டே பின்சுவர் ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தான். வெளியே இருந்து ஒரு பொட்டுக் காற்று மேஜைக்கு வரக் கூடாது.

அவள் ஒரு துண்டுக் குழாயை எடுத்துப் பற்றவைத்தாள். முடித்து நீட்டினாள். இளம் பொன்னிறத்தில், ஒரே அளவில், வரிசை வரிசையாகச் செதில். சின்னவன் விரலால் தடவித் தடவிப் பார்த்தான். பெரியவனும் கையில் வாங்கிப் பார்த்தான். நன்றாக இருக்கிறது என்றான். மனசறிந்துதான் சொன்னான். சொன்ன பிறகும் வயிற்றில் ஒரு மூலையில் லேசாகப் புகைந்தது. புகைச்சல் அப்படி ஒரே நாளில் போய்விடுமா?

சின்னவன் பால் பண்ணைக்குப் போன் போட்டான். வேலையை எடுத்துக்கொள்கிறோம் என்றான். எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டு அண்ணியைப் பார்த்தான்.

"குழாய் வேலைய நாளைக்கே இங்க ஆரம்பிக்கலாம்," என்றாள் அவள். "தொட்டிக்குத்தான் ஆள் வேணும். உள்ள இறங்கித்தான் அடிக்கணும். இந்த கேஸுக்கு வாசம் கிடையாது, அடியில தங்கிடும். மூச்சு அடைக்கிறது உள்ள இருக்கிறவங்களுக்கே தெரியாது. வெளியில ஒருத்தர் கண்ணை எடுக்காம பார்த்துக்கிட்டே நிக்கணும். லேசா தள்ளாடினாலும் இடுப்புல கட்டின கயித்தைப் புடிச்சு மேல இழுக்கணும்."

அவ்வளவுதானே, அதற்கு அண்ணன் இருக்கிறாரே என்று சின்னவன் சாதாரணமாகச் சொன்னான்.

அவள் டார்ச்சை அதன் கொக்கியில் மாட்டினாள்.

"நான் நிக்கறேன்," என்றான் பெரியவன். காலையில் இதே வார்த்தை என்றால் அவனுக்கு யோசிக்கவே தேவை இருந்திருக்காது. இப்போது பாதிக் குரலில்தான் வந்தது.

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். கோபமில்லை. ஆனால் எதையோ அளக்கிற பார்வை.

"ஊசிக்குக் கை நடுங்கும். அவருக்குத் துணையா இழுக்க ஒரு ஆளைப் போட்டுக்கலாம்," என்றாள். "ஆனா அவர் பார்த்துக்கிட்டே இருப்பாரு."

பெரியவன் கையிலிருந்த குழாயை மேஜையில் வைத்தான்.

"நிக்கறது நீங்களா அவரான்னு நான் யோசிச்சு சொல்றேன்," என்றாள் அவள். முகமூடியைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தாள்.

சின்னவன் அண்ணனைப் பார்த்தான், போகிற அண்ணியைப் பார்த்தான். அவன் பொத்திப் பிடித்திருந்த போனுக்குள்ளிருந்து அந்தப் பக்கத்து ஆள், "ஹலோ... இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.